பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே மீட்டெடுக்க: எந்த வேலை முதலில், எது பிறகு

சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பதினொரு வருடம் நின்றுபோன மகேந்திரா பிக்கப்பை என் வீட்டு முற்றத்தில் வைத்து மீட்டெடுத்தேன். அதற்குப் பிறகு உறவிலும் ஊரிலும் நான்கு பேருக்கு உடன் நின்று உதவியிருக்கிறேன். இரண்டு வண்டிகள் முடிந்து ஓடுகின்றன. மற்ற இரண்டும் தார்ப்பாய்க்கு அடியில் சாமான்களாகக் கிடக்கின்றன. அந்த இருவருக்கும் கைத்திறமை குறைவில்லை, பணமும் இருந்தது. வேலையின் வரிசைதான் தப்பிப்போனது.

அதனால் வரிசையை வைத்தே எழுதுகிறேன். ஜீப் வகைச் சேஸில் (அடிச்சட்டத்தில்) வந்த பழைய டீசல் பிக்கப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். பட்டை ஸ்பிரிங்கும் தனிச் சேஸும் உள்ள மற்ற பிக்கப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விதி. எந்தக் கட்டத்திலும் வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், நான்கு பேர் தள்ளினால் நகர வேண்டும். வீட்டில் ஒரு விசேஷம் வரும், மழை வரும், பக்கத்து வீட்டுக்காரர் வழி கேட்பார். நகராத வண்டி அந்த நாளில் சாமான்களாகப் பிரிந்து மூலைக்குப் போகும். பிறகு திரும்பி வராது.

1. காகிதம் பார்க்காமல் கை வைக்காதீர்கள்

பேரம் முடிக்கும் முன்பே சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். நம்பர் அடித்த இடத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். அதை ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பரையும் அப்படியே பாருங்கள்.

ஆர்சியில் எரிபொருள் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். பெட்ரோல் எஞ்சினோடு வந்த ஜீப் வண்டிகள் பலவற்றுக்கு ஊர்ப்பட்டறைகளில் டீசல் எஞ்சின் மாற்றி வைத்தார்கள். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறாமல் இருந்தால், எல்லா வேலையும் முடிந்து எஃப்சி (தகுதிச் சான்று) காட்டப் போகும் நாளில்தான் தெரியவரும். நிறம் மாற்ற நினைத்தாலும் இப்படித்தான், ஆர்சியில் ஏற்றியாக வேண்டும்.

சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் எட்டு வருடம் தாண்டிய பிறகு ஒவ்வொரு வருடமும் எஃப்சி உண்டு. சொந்த உபயோக வண்டி என்றால் 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி பாக்கி இருக்கிறதா, பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். புத்தக ஆர்சி காலத்து வண்டிகள் பல கணினியில் ஏறாமலே இருக்கும். அதைப் பதிவான அலுவலகத்தில்தான் ஏற்ற முடியும். அதற்கு விற்றவரின் கையெழுத்து தேவைப்படலாம், ஆகவே பணம் கொடுத்து முடிக்கும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் ‘விஏ’ என்று வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்த விதி இருசக்கர வண்டிகளையும் ஆட்கள் பயணிக்கும் நான்கு சக்கர வண்டிகளையும் வைத்து எழுதப்பட்டது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. சரக்குப் பிக்கப்புக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

2. இடம், கருவி, மாதம்

சிமெண்ட் தளம் வேண்டும். மண் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். மேலே தகரக் கூரை இருந்தால் போதும், சுவர் தேவையில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் கெட்டியான வேப்பங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

இன்னொன்று: பழைய ஜீப் வகையில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சாஃப்டில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் சுற்ற வழி கிடைப்பதால் தரையில் இருக்கும் சக்கரத்தை ஹேண்ட் பிரேக் பிடிக்காது. ஆகவே தூக்கும் முன் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் புதியவர்கள் முதல் வாரமே தடுமாறுவார்கள். இந்த வண்டிகளின் சேஸ் இஞ்ச் கணக்கு. அதில் பெஜோ வடிவமைப்பில் வந்த எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின் இருந்தால் அது மி.மீ. கணக்கு. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் துருப்பிடித்த நட்டில் சறுக்கி முனைகளை மழுக்கிவிடும். இரண்டு செட்டும் வேண்டும், கூடவே ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்.

மாதக் கணக்கு மதுரை வெயிலையும் மழையையும் ஒட்டிப் போட வேண்டும். ஆடி, ஆவணியில் புழுதிக் காற்று, அப்போது கழற்றுவது, சுரண்டுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கு அடியில் எஞ்சின், கியர்பாக்ஸ். பெயிண்ட் மாசியிலும் பங்குனியிலும். மழைக்கால ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்துப்போகும், ஆடிக் காற்றில் அடித்தது முழுக்க மண்ணாகும். சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்பவருக்கு இந்தச் சுற்று ஒரு வருடத்தில் முடியாது. இரண்டாவது மாசியைக் குறிவையுங்கள்.

3. ஒரு வாரம் எதையும் கழற்றாமல் பாருங்கள்

இந்த வாரத்தை யாரும் பொறுமையாகக் கடப்பதில்லை. வண்டி வந்த அன்றே பானெட்டைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய பிறகு எது ஏன் அசைந்தது, எது எங்கே ஒழுகியது என்று கண்டுபிடிக்க முடியாது.

சிறு சுத்தியலால் சேஸை முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், உள்ளே அரித்தது மொத்தென்று சொல்லும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களும், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளும், கேபின் போல்ட்டுக்கு அடியில் உள்ள பகுதியும்தான் முதலில் போகும். தண்ணீரும் சாணமும் மண்ணும் அங்கேதான் தங்கும்.

சேஸ் கோணலா என்று பார்க்க கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். முன், பின் பட்டைத் தாங்கிகளின் போல்ட் மையத்திலிருந்து நான்கு இடத்தில் குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸ் இழுக்கும் பட்டறைக்குப் போன பிறகுதான் மற்ற செலவு.

ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்கள், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள், கதவுகளைத் திறந்து மூடுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் பின்னால் சாமான் வாங்கும் பட்டியல்.

4. எஞ்சினை இருக்கும் இடத்திலேயே எழுப்புங்கள்

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு உடனே பேட்டரி கொடுத்துச் செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லை என்றால் இன்னும் மூன்று நாள். நீளக் குழாய் மாட்டி அழுத்தினால் நீங்கள்தான் எஞ்சினைக் கெடுத்தவர் ஆவீர்கள்.

கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகு ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயில் பால் கலந்த காபிபோல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்போது எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம், நேராக ஒன்பதாவது படியின் வேலைதான்.

பழைய டீசல் டேங்கைச் சேர்க்காமல், ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் வைத்துக் குழாய் கொடுங்கள். பதினொரு வருடத் துருவும் கசடும் பம்புக்குள் போனால் செலவு பல மடங்கு. ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து முதலில் ஃபில்டரில் ஏர் எடுங்கள் (சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்), அடுத்து பம்பில், கடைசியாக நாசில் நட்டுகளில். இந்த வரிசை மாறினால் பின்னால் இருக்கும் காற்று மறுபடி முன்னால் வந்து நிற்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு கெட்டியான பலகையை ஏர் கிளீனர் வாய்ப்பக்கம் ஓர் ஆள் பிடித்து நிற்கட்டும். நின்றுபோன பம்பில் உள்பாகம் சிக்கியிருந்தால் எஞ்சின் கட்டுப்பாடு இல்லாமல் ஏறும், ஸ்டாப் கேபிளுக்கு அடங்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது, இழுப்பு அவ்வளவு பலம்.

ஓடினால் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. குளிரில் மட்டும் வெள்ளையாக வந்து டீசல் வாடை அடித்தால் ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ குறைவு. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். கறுப்பு என்றால் முதலில் ஏர் கிளீனரையும் நாசிலையும் பாருங்கள். கியர் விழுகிறதா, கிளட்ச் பிடிக்கிறதா என்பதும் இப்போதே தெரிந்துவிடும். எஞ்சினை இறக்கிய பிறகு இந்தப் பதில்கள் எதுவும் கிடைக்காது.

5. கேபினை இறக்கும் முன் அடியை ஒட்டுங்கள்

நான் பார்த்ததில் அதிகம் பேர் விழுந்த குழி இதுதான். கேபின் தரையும் கதவுக்கு அடியில் உள்ள படியும் அரித்திருக்கும். சேஸோடு போல்ட் போட்டு நிற்பதால்தான் கேபின் தன் வடிவத்தில் இருக்கிறது. அந்த நிலையில் சங்கிலி போட்டுத் தூக்கினால் கேபின் நடுவில் விரியும். பிறகு எவ்வளவு ஒட்டினாலும் கதவு மூடாது.

ஆகவே கதவுகள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, கேபின் சேஸின் மேல் இருக்கும்போதே, படியையும் தரை ஓரங்களையும் வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் முடித்துக் கதவை மூடிப் பார்த்த பிறகே அடுத்த பக்கம். கதவு இடைவெளியில் ஒரு இஞ்ச் சதுரக் குழாயைக் குறுக்கே டேக் வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம்.

தகடு 18 கேஜ், ஏறக்குறைய 1.2 மி.மீ. இதற்கு சிஓடூ வெல்டிங்தான் சரி, கம்பி 0.8 மி.மீ. கேஸ் வெல்டிங் பரவலாகச் சூடேற்றித் தகட்டை வளைக்கும். ஆர்க் வெல்டிங் ஓட்டை போடும். ஒரே இழுப்பாக ஒட்டாமல், ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்முனையில் என்று வைத்துக்கொண்டே வந்தால் சூடு ஓரிடத்தில் சேராது.

அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது வேண்டாம். இரண்டு தகடுக்கும் நடுவில் ஈரம் நின்று, இரண்டு மழைக்காலத்தில் புதியதும் சேர்ந்து போகும். வெள்ளையாக இரும்பு தெரியும் இடம் வரை வெட்டுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட வேண்டும்.

6. கழற்றும் முறை

ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த இடம் என்று ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

போல்ட்டுகளை மொத்தமாக ஒரு டப்பாவில் போடாதீர்கள். ஜிப் பையில் போட்டு, தாளில் எழுதி, தாளையும் உள்ளேயே வையுங்கள். பைக்கு வெளியே மார்க்கரில் எழுதியது டீசல் பட்டால் அழிந்துவிடும். நீளமான சாமான்களின் போல்ட்டை அந்தச் சாமானிலேயே திரும்ப மாட்டி வைப்பது அதைவிட நல்லது.

பழைய ரப்பர், கேஸ்கெட், உடைந்த கிளிப் எதையும் எறியாதீர்கள். கடையில் போய்க் காட்டி வாங்க அதுதான் அளவு. ஒரு தம்பி குப்பை என்று நினைத்துப் பழைய கதவு ரப்பர் முழுவதையும் எரித்துவிட்டார். சரியான வடிவம் தேடி மதுரையில் கடை கடையாக அலைந்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டை வரை போய்த்தான் வாங்கினோம்.

7. சேஸும் துருவும்

கேபினும் பின்பாடியும் இறங்கிய பிறகு, ஆக்ஸில் இரண்டும் அடியில் இருக்கும்போதே சேஸைச் சுத்தம் செய்யலாம். வண்டி நகரும் நிலையிலேயே இருக்கும். முதலில் சுரண்டியால் மண்ணும் கிரீஸும் எடுத்து, காஸ்டிக் கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக அலசிக் காய விடுங்கள். கிரீஸ் இருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓட்டினால் கிரீஸ் இரும்புக்குள் தேய்ந்து ஏறும், பெயிண்ட் பிடிக்காது.

சேஸ் நம்பர் உள்ள இடத்தைச் சுற்றி முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே கிரைண்டர் படவே கூடாது. கையால் கம்பி பிரஷ் போட்டு, மெல்லிய பெயிண்ட் ஒரு கோட், அவ்வளவுதான். நம்பர் தேய்ந்த வண்டி காகிதம் இல்லாத வண்டிக்குச் சமம்.

சேஸ் கனமான இரும்பு, அதனால் சேண்ட் பிளாஸ்டிங் கொடுக்கலாம். புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் செய்பவர்கள் கிடைப்பார்கள். கதவு, பானெட் போன்ற மெல்லிய தகட்டை மட்டும் கொடுக்காதீர்கள், அலை அலையாக நெளிந்து வரும். பிளாஸ்ட் செய்த இரும்பு வெற்றுடம்போடு இருக்கிறது. அன்று மாலைக்குள் பிரைமர் ஏற வேண்டும், வெறுங்கை கூடப் படக் கூடாது.

கீல், கைப்பிடி, பிராக்கெட் போன்ற சிறு சாமான்களுக்கு வீட்டிலேயே மின்முறை உண்டு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், பத்து லிட்டருக்கு நாலைந்து ஸ்பூன் சலவை சோடா. துருச் சாமானை பேட்டரி சார்ஜரின் நெகடிவ்விலும், ஒரு பழைய இரும்புத் துண்டை பாசிடிவ்விலும் மாட்டி, இரண்டும் தொடாமல் தொங்கவிடுங்கள். ஓர் இரவில் துரு கறுப்பு மாவாக உதிரும். எவர்சில்வர் துண்டு வைக்கக் கூடாது, தண்ணீரில் குரோமிய நஞ்சு சேரும். உப்பும் போடக் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் வாயு எழும்புவதால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும்.

சேஸுக்கு இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி பிரைமரும் அதன் மேல் கறுப்பும் போதும். சட்டத்தின் உள்பக்கம் பிரஷ் போகாது. துணி சுற்றிய கம்பியாலோ, நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயாலோ உள்ளே ஏற்றுங்கள். துரு உள்ளிருந்துதான் வந்தது.

8. ஆக்ஸில், பட்டை, பிரேக்

முன்பக்கம் முழுவதும் முடித்து மாட்டிய பிறகே பின்பக்கம் தொட வேண்டும். பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொரு இலையையும் சுத்தம் செய்து, உடைந்ததை மாற்றி, புஷ், பின், ஷேக்கிள் புதிதாகப் போடுங்கள். யூ போல்ட் பழையதைத் திரும்பப் போட வேண்டாம், ஒருமுறை இறுக்கியதில் மரை இழுத்திருக்கும்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில் பிரேக் ஆயில் போகிறது. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கிலும் பிரேக் இல்லை. ஆகவே ஹோஸ் எல்லாம் புதிது, இரும்பு பைப் எல்லாம் புதிது, வீல் சிலிண்டரில் உள்சுவர் அரித்திருந்தால் கிட் மாற்றாமல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஏசி வேலைக்கு வரும் செம்புக் குழாயைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறை இருக்கிறது. சம்மதிக்காதீர்கள். அது அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

பழைய லைனிங் தூசியில் கல்நார் இருக்கலாம். கம்ப்ரசர் காற்று அடித்து டிரம்மைச் சுத்தம் செய்வது நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிரேக் ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஊதிப்போகும், பிரேக் ஆயிலில் மட்டும்தான் கழுவ வேண்டும்.

டிரம்மை லேத்தில் கடையும் முன் அதில் எழுதியிருக்கும் அதிகபட்ச விட்டத்தைப் பாருங்கள். அதைத் தாண்டிக் கடைந்த டிரம் சூட்டில் விரியும், பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏர் எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துச் சக்கரத்தில் முடிய வேண்டும்.

9. எஞ்சின், கியர்பாக்ஸ்

நான்காவது படியில் எஞ்சின் நல்ல பதில் சொல்லியிருந்தால் முழுதாகப் பிரிக்காதீர்கள். வெளிச் சுத்தம், ஆயில் சீல், கேஸ்கெட், தண்ணீர் பம்ப், நாசில் சர்வீஸ் போதும். நன்றாக ஓடுவதைப் பிரித்துக் கெடுத்த கதை எனக்குத் தெரியும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் லேத் வேலை வெளியில், அளவெடுப்பது உங்கள் முன்னால். எக்ஸ்டிபி 4.90-ன் போர் (சிலிண்டர் விட்டம்) 90 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 83 மி.மீ., மொத்தம் 2112 சிசி. தண்ணீர் நேராகத் தொடும் ஈர லைனர்கள், அதனால் லைனர் மாற்றினால் அதன் தலை பிளாக் மட்டத்துக்கு மேல் நான்கிலும் ஒரே அளவு நீட்டியிருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் ஹெட் கேஸ்கெட் அந்த இடத்தில்தான் எரியும். புது ஹெட் போட்டும் மூன்று மாதத்தில் கேஸ்கெட் போகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

லைனரின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு படிந்திருந்தால் காரணம் போர்வெல் தண்ணீர். நம் பக்கத்து நிலத்தடி நீர் கடினமானது, ரேடியேட்டரை இரண்டு வருடத்தில் அடைக்கும். வடித்த தண்ணீரும் கூலண்டும் கலந்து மட்டும் ஊற்றுங்கள்.

கியர் ஆயிலில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. கியர்பாக்ஸுக்கும் பின் ஹவுசிங்குக்கும் 90 ஆயில்தான் என்று ஒரே டின்னை ஊற்றுவார்கள். பின் ஹவுசிங்கில் கிரவுன் பினியனுக்கு ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு உள்ள ஆயில் வேண்டும். பித்தளை வளையம் உள்ள கியர்பாக்ஸில் அது பித்தளையைத் தின்னும், அங்கே ஜிஎல்-4 தான்.

டீசல் டேங்கைக் கழுவ, ஒரு கைப்பிடி நட்டுகளும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருட்டிக் குலுக்குங்கள். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும். ரேடியேட்டர் கடைக்காரர்களிடம் கொடுத்தால் முறையாகக் கழுவிப் பற்றவைத்துத் தருவார்கள்.

10. கேபின் ஏறும் முன் ஓட்டிப் பாருங்கள்

எஞ்சின், கியர்பாக்ஸ், சாஃப்ட், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் மாட்டிய வெறும் சேஸை முற்றத்துக்குள்ளேயே ஊர்ந்தபடி ஓட்டி நிறுத்துங்கள். பத்து முறை முன்னால், பத்து முறை பின்னால். ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆயில் கசிவோ, கியர் சிக்கலோ, பிரேக் ஒரு பக்கம் இழுப்பதோ இப்போது தெரிந்தால் கையெட்டும் தூரத்தில் சரிசெய்யலாம். கேபின் ஏறிப் பெயிண்டும் அடித்த பிறகு தெரிந்தால் ஒவ்வொரு ஸ்பேனரும் பெயிண்டைக் கீறும். “அண்ணே, கலர் முதல்ல அடிச்சுட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்ணே” என்று ஒருவர் சொன்னார். அடித்தார். கிளட்ச் மாற்ற மறுபடி கேபினைத் தூக்கியபோது அந்தக் கலர் மூன்று இடத்தில் பெயர்ந்தது.

11. டிங்கரிங், பட்டி, பெயிண்ட்

நெளிவை முடிந்த அளவு சுத்தியலும் தாங்கு கட்டையும் வைத்து எடுங்கள். பட்டி என்கிற பூச்சுப் பசை நெளிவை நிரப்பும் பொருள் இல்லை, தட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சிறு குழிக்குத்தான். 3 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் ஜீப் வண்டி குலுங்கும் குலுக்கலில் பெயரும்.

வெற்று இரும்பு, அதன் மேல் எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, பிறகு சர்ஃபேசர், கடைசியில் கலர். பங்குனி வெயிலில் பட்டி கலந்த சில நிமிடத்தில் இறுகும். ஆகவே உள்ளங்கை அளவுக்கு மட்டும் கலக்குங்கள், காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். அது பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துக் கொப்புளமாகக் காட்டும். உலர் தேய்ப்புதான்.

என் பானெட்டில் நான் செய்த தவறு, வீட்டில் இருந்த சாதாரண ரெட் ஆக்சைடை அடித்துவிட்டு அதன் மேல் பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஏற்றியது. பியு தின்னர் கீழே இருந்த ரெட் ஆக்சைடைக் கிளப்பி, தோல் முழுவதும் சுருங்கிவிட்டது. மொத்தத்தையும் சுரண்டி முதலிலிருந்து தொடங்கினேன், ஐந்து வார வேலை போனது. எந்தப் பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகே பிரைமர் வாங்குங்கள்.

என் கருத்தில் இந்த வண்டிகளுக்கு எனாமல்தான் அழகு. அந்தக் காலத்து மெல்லிய பளபளப்பு அதில்தான் வரும். வீட்டில் அடிக்கவும் அதுவே ஏற்றது. பியு பெயிண்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்தால் வாழ்நாளுக்கும் போகாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. பியு வேண்டும் என்றால் அறை வைத்து அடிக்கும் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் வேண்டாம்.

12. ஒயரிங்

பழைய ஒயரிங்கைக் கழற்றி ஒரு பிளைவுட் பலகையில் பரப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆணி அடித்து, அதே பாதையில் புது ஒயரை ஓட்டிக் கட்டுங்கள். வண்டிக்குள் குனிந்து ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதைவிட இது வேகம், நீளமும் தவறாது.

ஹெட்லைட் 55 வாட் பல்ப் இரண்டு சேர்ந்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் பழைய சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் கருகும், வெளிச்சமும் மங்கும். ரிலே வைத்து, 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஃபியூஸ். எர்த் மாட்டும் இடத்தில் புதுப் பெயிண்டைச் சுரண்டி வெற்று இரும்பில் மாட்ட வேண்டும். லைட் எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்ட இருவருக்குமே குறை அங்கேதான் இருந்தது. தோப்பிலும் களத்திலும் நிற்கப்போகும் வண்டி என்றால் ஒயருக்கு மேல் நெளிகுழாய் போடுங்கள், இல்லையென்றால் எலி கடித்துவிடும்.

13. கண்ணாடி, சீட், பின்பாடி

கண்ணாடி ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டு, உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பர் தானாக ஏறி உட்காரும். சீட்டை டவுனில் தைக்கக் கொடுத்துவிடலாம்.

பின்பாடிக்கு மரத்தரை என்றால் நன்றாகக் காய்ந்த தேக்கோ வேம்போ. பலகைகளுக்கு இடையில் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதும்போது இடம் இல்லையென்றால் நடுவில் எழும்பி போல்ட்டைப் பிய்க்கும்.

14. எஃப்சியும் முதல் 500 கிலோமீட்டரும்

இன்சூரன்ஸ் எடுத்து, எஃப்சி அல்லது பதிவுப் புதுப்பிப்பு முடித்த பிறகே ரோடு. பிரேக், லைட், ஹாரன், வைப்பர், நம்பர் பிளேட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர், புகைச் சான்று இவற்றை முந்தின நாளே ஒருமுறை நீங்களே சோதித்துவிடுங்கள். சேஸ் நம்பர் தெரியும்படி துடைத்து வையுங்கள்.

முதல் ஓட்டம் பாரம் இல்லாமல், சமதளத்தில். நான் சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி வரை போய், அங்கே நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மற்றவற்றைவிட ஒரு ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் ஷூ விடாமல் பிடிக்கிறது. எனக்கு இடது பின்பக்கம் சுட்டது. ஷூவை இரண்டு பல் தளர்த்தியதும் சரியானது.

50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புதுப் பெயிண்டும் புது புஷ்ஷும் அழுந்தி இடம் கொடுத்திருக்கும். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலும் டீசல் ஃபில்டரும் மாற்ற வேண்டும். எவ்வளவு கழுவினாலும் டேங்கிலிருந்து மிச்சக் கசடு வரத்தான் செய்யும். அந்த ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்புக் கசடு மட்டும் என்றால் இன்னொரு ஃபில்டரோடு தீர்ந்துவிடும். செம்மண் நிறத்தில் துரு இருந்தால் டேங்கை மறுபடி இறக்குங்கள். சிறுமலை மாதிரி மலைப்பாதைக்கு அதற்குப் பிறகு போகலாம்.